சொட்டுநீரில் பாலைவனப் புதர்: அறிகுறியைப் பார்த்து வேரின் குறையைக் கண்டுபிடிக்க

கிரியோசோட், ஹோஹோபா, டெக்சஸ் சேஜ், உப்புப்புதர், ஆவாரை, மெஸ்கிட் மாதிரி வறட்சியில் வாழப் பிறந்த செடிகள் சொட்டுநீரில் சோர்ந்துபோனால் முதலில் கை போவது டைமர் மேல்தான். பத்து நிமிடம் கூட்டுவார்கள். ஒரு வாரம் கழித்து இன்னும் பத்து நிமிடம். பெரும்பாலும் குறை நிமிடக் கணக்கில் இல்லை. தண்ணீர் எந்த இடத்தில் விழுகிறது, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. காய்ந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு வேர் தண்ணீரைத் தேடிப் போகாது; ஈரம் இருக்கிற மண்ணில்தான் நீளும். தூரடியில் மட்டும் ஈரம் என்றால் வேரும் தூரடியிலேயே சுருண்டு கிடக்கும். திரும்பத் திரும்ப நான் சரிசெய்து கொடுக்கும் குறைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றுதான், வேறு வேறு முகத்தோடு வருகிறது.

## எதற்கும் முன் இரண்டு சோதனை

கம்பிச் சோதனை. 8 முதல் 10 மி.மீ. கனம், 90 செ.மீ. நீளமுள்ள இரும்புக் கம்பி, மேல்முனையில் குறுக்கே ஒரு கைப்பிடி. பாசனம் முடிந்து ஓர் இரவு கழித்து, சொட்டுவானுக்கு (குழாயில் தண்ணீர் சொட்டும் சிறு வாய்க்கு) பக்கத்தில் நேராக அழுத்துங்கள். சுத்தியல் வேண்டாம், உடம்பின் எடையே போதும். ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். கல்லில் பட்டால் 'டக்' என்று கையில் அடிக்கும்; காய்ந்த மண் என்றால் மெல்ல இறுகி நிற்கும். நாலைந்து இடத்தில் குத்தினால் இந்த வித்தியாசம் கைக்குப் பிடிபட்டுவிடும். அப்புறம் தூரிலிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு சாண் தள்ளித் தள்ளிக் குத்திக்கொண்டே போங்கள். ஈரம் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு குச்சி நடுங்கள். செடியைச் சுற்றி நாலு பக்கமும் இப்படிச் செய்தால், மண்ணுக்குள் ஈரம் பரவியிருக்கும் அளவு கண்முன் தெரியும். தரைபடர் செடிக்கு 30 செ.மீ., புதருக்கு 60 செ.மீ., மரத்துக்கு 90 செ.மீ. ஆழம் வரை ஈரம் இறங்கியிருக்க வேண்டும். புதைத்த மின்கம்பியோ கேஸ் குழாயோ போகும் இடம் என்றால் குத்தாதீர்கள்.

டப்பாச் சோதனை. சொட்டுவானுக்கு அடியில் மண்ணைத் தோண்டி ஒரு டப்பாவை இறக்கி வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். மணிக்கு 2 லிட்டர் சொட்டுவான் அரை லிட்டர் தர வேண்டும். 4 லிட்டர் சொட்டுவான் ஒரு லிட்டர், 8 லிட்டர் சொட்டுவான் இரண்டு லிட்டர். பத்தில் ஒரு பங்கு கூடக்குறைய இருக்கலாம், அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் கவனிக்க வேண்டும்.

இந்த இரண்டையும் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள்.

## அறிகுறி: தூரில் மண் ஈரமாக இருக்கிறது, செடி மட்டும் மதியத்தில் வாடுகிறது

வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடுகிறதா, மறுநாள் காலையிலும் துவண்டே கிடக்கிறதா என்று பாருங்கள். வழி இங்கேயே இரண்டாகப் பிரிகிறது.

### மாலையில் நிமிர்ந்துவிட்டால்

முதல் சந்தேகம் சொட்டுவான் இருக்கும் இடம். நட்ட அன்று தாய்மண்ணை (நாற்றின் வேரைச் சுற்றி வந்த மண்கட்டியை) ஒட்டி வைத்த சொட்டுவான், செடி ஆளுயரம் வந்த பிறகும் அங்கேயே இருக்கும். இலைப்பரப்பு பத்து மடங்கு பெருகியிருக்கும், ஈரம் மட்டும் அதே ஒரு முழ வட்டம். நடுப்பகலில் செடியின் நிழல் விழும் ஓரத்தில் கம்பியைக் குத்துங்கள். அங்கே கம்பி இறங்கவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

சரிசெய்வது எளிது, ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். பழைய சொட்டுவானை உடனே பிடுங்கி வெளியே தள்ளினால், இருக்கிற வேரெல்லாம் ஒரே வாரத்தில் காய்ந்துபோகும். முதலில் புதிய சொட்டுவான்களை நிழல் ஓரத்தில், இப்போதைய ஈரவட்டத்தின் விளிம்பைத் தொடுகிற மாதிரி வையுங்கள். ஒவ்வொன்றின் ஈரமும் பக்கத்துச் சொட்டுவானின் ஈரத்தோடு கலக்க வேண்டும்; நடுவே காய்ந்த பட்டை இருந்தால் வேர் அதைத் தாண்டாது. மணலுக்கு 45 செ.மீ. இடைவெளி, செம்மண் கலந்த வண்டலுக்கு 60 முதல் 75 செ.மீ., களிமண்ணுக்கு 90 செ.மீ. என்று தொடங்கி, கம்பி சொல்வதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். சில மாதம் உள்வட்டம், வெளிவட்டம் இரண்டும் ஓடட்டும். வெளியே ஒரு கைப்பிடி மண்ணைத் தோண்டினால் வெள்ளையாகச் சல்லிவேர் தென்பட வேண்டும். தென்பட்டால் தூரடிச் சொட்டுவானை அடைப்பான் போட்டு மூடிவிடலாம். கோடையின் உச்சம் கழிந்து, மண்ணில் சூடு இன்னும் இருக்கும் பருவம் இதற்குத் தோதானது. குளிர்ந்த மண்ணில் புது வேர் நகராது.

இரண்டாவது சந்தேகம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடுவது. இதில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் அகல வட்டத்தை 60 செ.மீ. ஆழம் நனைக்க வேண்டும் என்றால் அது சுமார் ஒரு கன மீட்டர் மண். வண்டல் மண்ணில், செடி எடுத்துக்கொள்ளக்கூடிய ஈரத்தில் பாதி தீர்ந்திருக்கும் நிலையில், அதைத் திரும்ப நிரப்ப ஏறக்குறைய 80 லிட்டர் வேண்டும். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் நாலு இருந்தால் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். இருபது நிமிடம் ஓட்டினால் ஐந்து லிட்டர் சொச்சம்தான் விழும். அது மேல்மண்ணை நனைத்து, மதியத்துக்குள் ஆவியாகிப் போகும். இந்தக் கணக்கைக் கேட்டவுடன் பலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, இந்த ஐந்து மணி நேரம் தினமும் இல்லை. அரிசோனாவின் சோனோரன் பாலைவன நகரங்களில், வேர் பிடித்த பாலைவனப் புதருக்குக் கோடையில் ஒன்று முதல் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, குளிர்காலத்தில் 30 முதல் 45 நாளுக்கு ஒரு முறை என்பதுதான் வழக்கமான பரிந்துரை. ஒரு மாதத்துக்கு என்று கூட்டிப் பார்த்தால் பல தோட்டங்களில் மொத்தத் தண்ணீர் குறையவே செய்யும்.

மணலில் கவனம் தேவை. அதில் ஈரம் அகலமாகப் பரவாது, நேராகக் கீழே ஓடிவிடும். நேரத்தைக் கூட்டுவதால் பயனில்லை, சொட்டுவான்களின் எண்ணிக்கையைத்தான் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, கொஞ்சம் செலவு வைக்கும் காரணம்: அடியில் சுக்கான் பாறை, அதாவது சுண்ணாம்பு சேர்ந்து இறுகிய அடுக்கு. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் எல்லா இடத்திலும் கம்பி ஒரே ஆழத்தில் 'டக்' என்று நின்றால் இதுதான். 30 செ.மீ. ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் திரும்ப நிரப்பி நேரம் பாருங்கள். நாலு மணி நேரத்தில் நீர்மட்டம் 10 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் வடிகால் இல்லை. மெல்லிய பாறை என்றால் தூரிலிருந்து தள்ளி, நிழல் ஓரத்தில் நாலு இடத்தில் கடப்பாரையால் துளை போட்டு உடைத்துவிடலாம். கடப்பாரைக்கும் அசையாத பாறை என்றால் இயந்திரம் வைத்துத் துளைப்பவரைக் கூப்பிடுங்கள். கையால் மல்லுக்கட்டினால் வேரை அறுப்பதுதான் மிச்சம்.

### மறுநாள் காலையிலும் வாடியே இருந்தால்

நட்டு ஓராண்டுக்குள் உள்ள செடியா? அப்படியென்றால் தாய்மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நாற்றங்காலில் தேங்காய்நார்க் கழிவு கலந்த இலகுவான கலவையில் வளர்த்த செடிகளில், அந்தக் கட்டி ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் திரும்ப நனைவது கடினம். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்து மண்ணுக்குப் போய்விடும். வெளியே சேறு, உள்ளே பொடி. ஒரு சொட்டுவானைத் தாய்மண்ணின் மேலேயே, தண்டில் படாமல் வைத்து, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மெதுவாக நனையவிடுங்கள்.

தாய்மண்ணும் ஈரம், செடியும் வாடுகிறது என்றால் வேரழுகல்தான் பெரும்பாலும். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தோண்டி, பென்சில் பருமனில் பாதி இருக்கும் ஒரு வேரை எடுத்து விரலால் உருவுங்கள். நல்ல வேர் உள்ளே வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரில் பழுப்புத் தோல் உறைபோலக் கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். மண்ணும் புளித்த வாடை அடிக்கும். உடனே அந்தச் சொட்டுவானை மூடுங்கள். தூரில் குவிந்த மண்ணையும் மூடாக்கையும் விலக்கி, தண்டின் அடிப்பகுதியில் காற்றுப் படவிடுங்கள். 60 செ.மீ. ஆழம் வரை மண் காயும் வரை பாசனமே வேண்டாம். உரம் போடாதீர்கள், அழுகும் வேருக்கு உரம் இன்னும் சுமை.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: வேரில் பாதிக்கு மேல் தோல் கழன்றாலோ, அடுத்தடுத்த செடிகளும் அதே வாரத்தில் துவண்டாலோ, செடி திடீரென்று செத்து இலைகள் உதிராமல் கிளையிலேயே காய்ந்து தொங்கினாலோ, தாவர நோய் ஆய்வகத்துக்கு வேரும் மண்ணும் அனுப்புங்கள். கடைசியில் சொன்ன தோற்றம், அமெரிக்கத் தென்மேற்கிலும் வடக்கு மெக்சிகோவிலும் காரமண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் பருத்தி வேரழுகலின் அடையாளம். அந்த இடத்தில் திரும்ப எந்தச் செடியை வைப்பது என்பதே மாறிப்போகும் என்பதால் அங்கே ஊகம் வேண்டாம்.

## அறிகுறி: செடி ஆடுகிறது, காற்றுக்குச் சாய்கிறது

இது என்னை மிகவும் வருத்தும் குறை. அரிசோனாவில் டூசானுக்கு அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் மெஸ்கிட் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு ஆழம் போகத் தெரிந்த செடி, தூரடியில் தினமும் நாலு சொட்டு விழுந்தால் ஒன்றரைச் சாண் ஆழத்திலேயே நின்றுவிடுகிறது. மேலே தண்ணீரும் உரமும் தின்று தலை கனத்துப்போகும். முதல் புயல்காற்றில் அடியோடு சாய்கிறது.

தண்டைத் தரையோரமாகப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள்.

### மண்கட்டி முழுதாக அசைந்தால்

வேர் இன்னும் தொட்டியின் வடிவத்திலேயே இருக்கிறது. நட்டு ஓராண்டுக்குள் என்றால், ஓரத்தை ஒரு பக்கம் தோண்டிப் பாருங்கள். சுற்றிச் சுற்றி ஓடும் வேர் பென்சிலைவிட மெல்லியதாக இருந்தால், கூரான கத்தியால் கட்டியின் மூன்று நாலு பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கீறி, வேரை வெளியே பிரித்துவிட்டு, தோண்டிய அதே மண்ணைப் போட்டு மூடுங்கள். குழிக்குள் மட்டும் வளமான கலவையைப் போட்டால் வேர் அந்தச் சுகத்தை விட்டு வெளியே வராது. செடியின் இரு பக்கமும் முளைக்குச்சி நட்டு, தண்டு சற்றே ஆடும்படி தளர்வாகக் கட்டுங்கள். ஆடினால்தான் தண்டும் வேரும் கனக்கும். ஓராண்டுக்குள் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

### மண் அசையாமல் தண்டு மட்டும் அசைந்தால்

தண்டைச் சுற்றிப் புனல்போல ஓர் இடைவெளி விழுந்திருக்கும். ஒன்று, தண்டை ஒரு வேர் இறுக்கிச் சுற்றியிருக்கிறது. இல்லையென்றால் தண்டின் அடி அழுகுகிறது. கையால் மண்ணை விலக்கிப் பாருங்கள். இறுக்கும் வேர் சுண்டுவிரல் பருமனுக்குள் இருந்தால் வெட்டிவிடலாம். தண்டிலேயே பதிந்துபோயிருந்தால் கை வைக்காதீர்கள். அதைச் சார்ந்துதான் செடி நின்றுகொண்டிருக்கலாம்.

### வேர் பரவியிருக்கிறது, ஆனாலும் சாய்கிறது

எந்தப் பக்கம் வேர் இல்லை என்று கம்பியால் பாருங்கள். காற்று வரும் பக்கத்தில் ஈரமே இல்லாத தோட்டங்கள் நிறைய; குழாய் ஓடும் பக்கத்தில் மட்டும் சொட்டுவான்களை வரிசையாகக் குத்தியிருப்பார்கள். செடியைச் சுற்றி வளையமாகக் குழாயைப் போட்டு நாலு பக்கமும் நனையுங்கள். தலைக் கனத்தைக் குறைக்க உட்கிளைகளில் சிலவற்றை எடுத்துவிடலாம், ஒரே தடவையில் கால்பங்குக்கு மேல் கவாத்து வேண்டாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தது சாய்ந்து, எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்து மேலெழும்பியிருந்தால் அன்றே மர வல்லுநரைக் கூப்பிடுங்கள். சுவர், நடைபாதை, மின்கம்பி பக்கத்தில் இருந்தால் நீங்களே கயிறு கட்டி நிமிர்த்தப் போகாதீர்கள்.

## அறிகுறி: இலை நுனியும் ஓரமும் கருகுகிறது, மண்ணில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது

உப்பு. சொட்டுநீரில் உப்பு மறைவதில்லை, ஈரவட்டத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு அங்கே சேர்கிறது. புதிய வேர் போக வேண்டிய இடமும் அதே விளிம்பு என்பதுதான் சங்கடம்.

முதலில் செலவில்லாத வழி. லேசான மழை தொடங்கினால் பாசனத்தை நிறுத்தாதீர்கள், ஓடவிடுங்கள். சிறு தூறல் அந்த உப்பைக் கரைத்து வேர்ப்பகுதிக்குள்ளேயே திருப்பி இழுத்து வந்துவிடும். சொட்டுவான் ஓடிக்கொண்டிருந்தால் அது உள்ளே நுழையாது. மழை விழுந்த மறுநாள் திடீரென்று இலை கருகும் மர்மத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது கழுவிவிடுவது. 30 செ.மீ. ஆழ மண்ணில் இருக்கும் உப்பில் பாதியை இறக்க 15 செ.மீ. உயரத் தண்ணீர் வேண்டும், ஐந்தில் நாலு பங்கை இறக்க 30 செ.மீ. வேண்டும். வட்டப் பாத்தி கட்டி, குழாய்த் தண்ணீரை விட்டு விட்டு நிரப்புவதுதான் வேகமான வழி. வடிகால் இல்லாத இடத்தில் இதைச் செய்தால் செடி மூழ்கிச் சாகும், ஆகவே மேலே சொன்ன குழிச் சோதனை முதலில். பூத்திருக்கும் வெள்ளையைக் கழுவும் முன்பே சுரண்டி அள்ளி வெளியே போட்டுவிடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: கழுவியும் ஒரு பருவத்துக்குள் திரும்பி வந்தால் மண்ணையும் தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுங்கள். மண்சாற்றின் மின்கடத்துத்திறன் 4 டெசிசைமன்/மீட்டரைத் தாண்டினால் அது உவர்மண். சோடியமும் அதிகம் என்று அறிக்கை சொன்னால்தான் ஜிப்சம். அறிக்கை இல்லாமல் ஜிப்சம் கொட்டுவது இன்னொரு உப்பைச் சேர்ப்பதுதான்.

## அறிகுறி: இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல, காரமண்ணில் அது கிடைக்காமல் போகிறது. ஓயாத ஈரம் அதை இன்னும் மோசமாக்கும். எனவே முதல் மருந்து பாசன இடைவெளியைக் கூட்டுவது. புதுத்துளிர் பச்சையாக வந்தால் அதோடு விட்டுவிடலாம். வராவிட்டால் இடிடிஎச்ஏ வகை இரும்புக் கலவையை மண்ணில் ஊற்றுங்கள். இடிடிஏ வகை விலை மலிவு, ஆனால் காரமண்ணில் நிற்காது. பழைய இலை முழுதும் சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு சங்கதி, பெரும்பாலும் தழைச்சத்துக் குறை.

## அறிகுறி: ஒரே வரிசையில் சில செடிகள் மட்டும் காய்கின்றன

### வரிசையின் கடைசிச் செடிகள் காய்ந்தால்

வரிசையின் தலையிலும் கடைசியிலும் டப்பா வையுங்கள். கடைசியில் குறைவு என்றால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், அப்புறம் கடைமூடியைத் திறந்து கலங்கல் போகும் வரை தண்ணீரை ஓடவிடுங்கள். பாதிச் சிக்கல் இதிலேயே தீரும். தீராவிட்டால் ஒரே லேட்டரலில் (சொட்டுவான்கள் மாட்டிய கிளைக்குழாயில்) அளவுக்கு மேல் சொட்டுவான்களைச் சேர்த்திருப்பீர்கள், இரண்டாகப் பிரியுங்கள்.

### ஆங்காங்கே காய்ந்தால்

அடைப்பு. சொட்டுவாயில் வெள்ளைப் பொருக்கு என்றால் சுண்ணாம்பு. கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். வழவழப்பான பாசி என்றால் குளோரின் போட்டுக் கழுவுங்கள். அமிலத்தையும் குளோரினையும் ஒருநாளும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சுவாயு வெளிவரும். உள்ளே நூல்போல வேர் தெரிந்தால் சொட்டுவானை மாற்றிவிட்டு, மண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை உயர்த்தி முளையில் மாட்டுங்கள்.

### சரிவின் அடியில் இருப்பது மட்டும் அழுகினால்

வால்வு மூடிய பிறகு குழாயில் மிஞ்சிய தண்ணீர் முழுதும் கடைசிப் பள்ளத்துச் சொட்டுவான் வழியாக வடிகிறது. பாசனம் நின்று அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள், இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். வடிவதைத் தடுக்கும் அடைவால்வு உள்ள சொட்டுவான்களைப் போட்டால் சரியாகும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: எல்லாம் சுத்தம், ஆனாலும் எல்லா வரிசையிலும் டப்பா குறைவாகவே காட்டுகிறது என்றால் பம்பு, பிரஷர் ரெகுலேட்டர், மெயின் குழாய் ஆகியவற்றைச் சோதிக்கப் பாசனத் தொழில்நுட்பர் வர வேண்டும்.

## அறிகுறி: தண்ணீரைக் குறைத்ததும் செடி துவள்கிறது

நட்டு இரண்டு மூன்று ஆண்டு கடந்த புதர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்றால் ஆழத்தில் வேர் இல்லை. திடீர் பட்டினி போடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பாசனத்திலும் 60 செ.மீ. ஆழம் எட்டும்படி நேரத்தை நீட்டுங்கள். அந்த நேரத்தைக் குறைக்காமல் இடைவெளியை மட்டும் ஒன்றிரண்டு நாளாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இலை மங்கி, மடியத் தொடங்கினால் முந்தைய இடைவெளிக்குத் திரும்பி, ஒரு மாதம் அங்கேயே நில்லுங்கள். வளரும் பருவம் ஒன்று முழுக்க ஆகும். அவசரப்படுத்த வழி கிடையாது.

## அறிகுறி: ஈரம் சரி, வேர் சரி, இலை மட்டும் கொட்டுகிறது

ஓகோட்டியோ, பிரிட்டில்புஷ் மாதிரிச் செடிகள் வறட்சிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா இருக்கும். அது நோயில்லை. ஒரு கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். பழுப்பு என்றால் கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே போய், பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள். தூர் வரை பழுப்பாக இருந்தால் அந்தச் செடியின் சொட்டுவான்களை அடைத்துவிட்டு, வேரைத் தோண்டி, தோல் கழல்கிறதா என்று உருவிப் பார்த்த பிறகே அந்தக் குழியில் அடுத்ததை வையுங்கள்.